அந்தப் பெட்டி யார் பெயரில் வருகிறது?

ஓவியங்களும் சிற்பங்களும் சேகரிக்கிற ஒருவர் மாதத்தில் பாதி நாள் வெளிநாட்டில் இருக்கிறாராம். அவர் இல்லாதபோது தபால் வாங்கி வைக்கவும், பார்சல்களைப் பெற்றுச் சொன்ன முகவரிக்கு அனுப்பவும் சென்னையில் ஓர் உதவியாளர் வேண்டுமாம். வாரத்துக்குச் சில மணி நேரம், வீட்டிலிருந்தே, நல்ல சம்பளம். இந்த மாதிரியான செய்தி மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்தால் பலருக்கும் முதலில் எழும் கேள்வி: இது உண்மையா, ஏமாற்றா?

ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. அப்படி ஒரு வேலை இருக்கிறது. அதே வேலையைப் போர்வையாகப் போட்டுக்கொண்டு வரும் மோசடியும் இருக்கிறது. உண்மையான வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவருக்குப் போலி சீக்கிரம் பிடிபட்டுவிடும். அதனால் முதலில் உண்மையான வேலையைப் பார்த்துவிடலாம்.

இது என்ன வேலை

சென்னையில் கலைப்பொருள் வாங்குகிறவருக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. 1850இல் தொடங்கப்பட்ட அரசு கவின் கலைக் கல்லூரியிலிருந்து வெளிவந்த ஓவியர்கள் இருக்கிறார்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் இஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. சுவாமிமலை வெண்கலம், மாமல்லபுரம் கல், தஞ்சாவூர் ஓவியம் எல்லாம் ஒரு நாள் பயணத் தூரம். வாங்கியதோடு வேலை முடிவதில்லை. படம் சட்டம் போடப் போகும், கண்காட்சிக்கு இரவல் போகும், பழுது பார்க்கப் போகும், வீடு மாறும்போது கூடவே போகும். ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டி நகர்கிறது. அதோடு ஒரு கடிதக் கட்டும் நகர்கிறது.

கடிதக் கட்டில் இருப்பவை இவை:

1. வாங்கிய பில், பணம் கொடுத்த ரசீது, ஓவியர் கையெழுத்திட்ட சான்று.
2. படத்தின் கைமாறிய வரலாறு. வரைந்தவரிடமிருந்து யாருக்குப் போனது, அவரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலி. ஏலக்காரரும் அருங்காட்சியகமும் முதலில் கேட்பது இதைத்தான்.
3. நிலை அறிக்கை. இன்ன தேதியில் படம் எப்படி இருந்தது, எந்த மூலையில் கீறல், எங்கே நிறம் உதிர்ந்திருக்கிறது என்று போட்டோவுடன் எழுதிய தாள்.
4. இரவல் ஒப்பந்தம், காப்பீட்டுப் பாலிசி, சுங்கக் காகிதங்கள்.

இவற்றில் இரண்டாவதை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பணிக்கர் 1977இல் காலமானார். அவருடைய படம் என்று ஒன்று இன்று கைக்கு வந்தால் "இது உங்களுடையதுதானா" என்று அவரிடம் கேட்க முடியாது. அந்தக் காலத்தில் ஓவியர் எழுதிய இரண்டு வரிக் கடிதம், கண்காட்சி அட்டவணையின் ஒரு பக்கம், வங்கிக் காசோலையின் அடிக்கட்டை, இவைதான் பேச வேண்டும். இந்தக் காகிதங்கள் தொலைந்தால் நல்ல படம்கூட அநாதையாகிவிடும். ஆகவே பொறுப்பான உதவியாளர் ஒவ்வொரு படைப்புக்கும் தனிக் கோப்பு வைப்பார். வந்த உறையைக்கூடத் தூக்கிப் போட மாட்டார். தபால் முத்திரையில் தேதி இருக்கிறதே.

ஒரு படம், இஞ்சம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு

நாலடிக்கு மூன்றடி அக்ரிலிக் ஓவியம் ஒன்று. விலை ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சேகரிப்பாளர் சிங்கப்பூரில் இருக்கிறார், படம் அங்கே வேண்டும் என்கிறார்.

முதலில் கட்டுவது. பபிள் ராப்பை நேரடியாகப் படத்தின் மேல் சுற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சென்னை வெயிலில் லாரிக்குள் ஏறும் சூட்டில் அக்ரிலிக் இளகும். குமிழ்கள் அழுந்திய இடமெல்லாம் வட்ட வட்டமாகத் தடம் விழும். அந்தத் தடம் போகாது. அமிலமில்லாத வழவழப்பான கிளாசின் தாள் முதலில், அதற்கு மேல்தான் மற்றதெல்லாம். தஞ்சாவூர் ஓவியம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் சேர்த்து மேடாக எழுப்பி, அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டிக் கல் பதித்திருப்பார்கள். முன்பக்கம் எதுவும் அழுத்தக் கூடாது. நாலு பக்கமும் அட்டையில் மேடு கட்டி, படத்தின் முகம் எதையும் தொடாமல் நிற்கும்படி வைக்க வேண்டும்.

அடுத்தது மரப்பெட்டி. வெளிநாடு போகும் பெட்டியின் மரத்தில் பூச்சி இருக்கக் கூடாது என்பதற்காக ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி இருக்கிறது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடேற வேண்டும். அப்புறம் அதில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை விழும். ஒட்டுப்பலகைக்கு இந்த விதி இல்லை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெட்டி ஒட்டுப்பலகைதான், ஆனால் உள்ளே மூலைக்கு அடித்த நாலு ரீப்பர் கட்டை சாதா மரம், முத்திரை இல்லை. போய்ச் சேரும் இடத்தில் பெட்டி நின்றுவிடலாம்.

மூன்றாவது எடை. பெட்டி 140 சென்டிமீட்டர் நீளம், 110 அகலம், 20 கனம் என்றால் விமானச் சரக்கில் மூன்றையும் பெருக்கி 6,000ஆல் வகுப்பார்கள். வருவது 51 கிலோ சொச்சம். தராசில் 25 கிலோதான் காட்டும், கட்டணம் 51க்குத்தான். கூரியரில் 5,000ஆல் வகுப்பது வழக்கம். அப்போது 61 கிலோவுக்கு மேல் போகும். இதைக் கன எடை என்பார்கள். உதவியாளர் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லாவிட்டால் பில் வந்த பிறகுதான் சேகரிப்பாளருக்கு விஷயம் தெரியும்.

நான்காவது காப்பீடு. விமானத்தில் போகும் சரக்கு சேதமானால் விமான நிறுவனம் முழு விலையும் தந்துவிடும் என்ற நினைப்பு தவறு. மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி அதன் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. நம் 25 கிலோ பெட்டிக்கு 650 எஸ்.டி.ஆர், ரூபாயில் ஒரு லட்சத்தைக்கூடத் தொடாது. ஆறு லட்சம் படத்துக்கு அது எம்மாத்திரம்? எனவே சுவரிலிருந்து கழற்றும் ஆணி முதல் போய் மாட்டும் ஆணி வரை என்று சொல்லப்படும் முழுப் பயணக் காப்பீடு தனியாக எடுப்பது அவசியம். பெட்டி போய்ச் சேர்ந்ததும் சேதம் தெரிந்தால் 14 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்பதும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது. பெட்டியின் வெளியே அடிபட்ட தடம் இருந்தால் டெலிவரி ரசீதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சும்மா கையெழுத்துப் போடுவது காப்பீட்டுக் கோரிக்கையைக் கையாலேயே பலவீனமாக்குவது.

திரும்பி வரப்போகும் படம், அதாவது கண்காட்சிக்காக மட்டும் போவது என்றால், ஏ.டி.ஏ. கார்னெட் என்ற ஆவணம் இருக்கிறது. இந்தியாவில் ஃபிக்கி என்ற தொழில், வணிகக் கூட்டமைப்பு தருகிறது. ஓராண்டு செல்லும். போகும் நாட்டில் வரி கட்டாமல் நுழைந்து வெளியேற உதவும் பாஸ்போர்ட் மாதிரி அது.

இந்த எல்லாக் காகிதத்திலும் அனுப்புகிறவர் என்ற இடத்தில் சேகரிப்பாளரின் பெயர், அல்லது விற்ற காலரியின் பெயர் இருக்கும். சுங்கத் தரகருக்கு அதிகாரக் கடிதம் தருவதும் அவர்தான். உதவியாளர் பெட்டி கட்டுவார், போன் பேசுவார், தாளை நகல் எடுப்பார். பொருளின் உரிமையாளராக அவர் பெயர் எங்குமே வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எது நாட்டை விட்டுப் போகலாம், எது போகக் கூடாது

1972ஆம் ஆண்டின் தொன்மைப்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1976 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் தெரிய வேண்டியது மூன்று.

1. நூறு ஆண்டு ஆன சிற்பம், ஓவியம் முதலியவை தொன்மைப்பொருள். கையெழுத்துச் சுவடி என்றால் 75 ஆண்டு போதும். தனியார் யாரும் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, அபராதமும் உண்டு.
2. நூறு ஆண்டு ஆகாவிட்டாலும் சில ஓவியர்களின் படைப்புகள் கலைச்செல்வம் என்று அறிவிக்கப்பட்டிருக்கின்றன. ராஜா ரவி வர்மா, ரவீந்திரநாத் தாகூர், அவனீந்திரநாத் தாகூர், ககனேந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில், நிக்கோலஸ் ரோரிக், சைலோஸ் முகர்ஜி ஆகிய ஒன்பது பேர். இவையும் வெளியே போகக் கூடாது. வீட்டில் வைத்துக்கொள்ளலாம், உள்நாட்டில் விற்கலாம்.
3. புதிதாக வார்த்த பொருள் பழையதுபோலத் தெரிந்தால், "இது தொன்மைப்பொருள் அல்ல" என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அதன் சென்னை வட்டம் இயங்குவது புனித ஜார்ஜ் கோட்டையில்.

சுவாமிமலையில் போன மாதம் வார்த்த நடராஜருக்கு எதற்கு இவ்வளவு என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் களவு போய், ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகம் அதை 2008இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014இல்தான் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. இப்படிக் களவாடப்பட்ட தமிழ்நாட்டுச் சிலைகள் "கைவினைப் பொருள்" என்ற பெயரில் நாட்டை விட்டுப் போனதை விசாரணைகள் வெளிக்கொண்டு வந்தன. ஊரே கும்பிட்ட சாமி, காகிதத்தில் ஒரு பொய்ப் பெயரோடு கடல் தாண்டியது. பெட்டி கட்டியவருக்கும் லாரியில் ஏற்றியவருக்கும் உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு தாளில் எழுதும் நாலு வார்த்தைக்கு அவ்வளவு கனம்.

படத்தைச் சுற்றியுள்ள ரோஸ்வுட் மரச் சட்டகம், தந்தம் பதித்த பழைய பெட்டி போன்றவை வேறு சட்டங்களில் மாட்டும். தந்தத்தைத் தொடவே கூடாது. ரோஸ்வுட் இனங்கள் 2017 முதல் சர்வதேச வனவுயிர் வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருப்பதால் தனிக் காகிதம் கேட்பார்கள்.

உள்ளே வரும் பெட்டி

வெளிநாட்டிலிருந்து வரும்போது பெறுநரின் அடையாள ஆவணம் இல்லாமல் கூரியர் பார்சல் சுங்கத்தைத் தாண்டாது. சேகரிப்பாளர் பயணத்தில் இருந்தால் ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும், அவர் அப்போது வேறு நேர மண்டலத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். இதற்குத்தான் அதிகாரக் கடிதமும் ஆவண நகலும் முன்கூட்டியே தரகரிடம் இருக்க வேண்டும்.

தாமதத்துக்கு விலை உண்டு. பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி விவரத் தாளை, உரிய காலத்தில் தாக்கல் செய்யாவிட்டால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000. முப்பது நாளுக்குள் எடுக்காத சரக்கை அறிவிப்புக் கொடுத்துவிட்டு விற்றுவிடவும் சட்டம் இடம் தருகிறது.

பெயர் மாறும் இடம்

சரி, இப்போது முதலில் சொன்ன அந்தச் செய்திக்கு வருவோம். போலி ஆள் கையாளும் வழி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

1. நேரில் பார்க்க மாட்டார். குரல்கூடச் சில சமயம் கேட்காது. கேட்டால், "இப்போது மிலனில் ஏலத்தில் இருக்கிறேன்."
2. ஆதார், பான், கையெழுத்து, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் முதல் வாரத்திலேயே கேட்பார். சம்பளம் போடத்தான் என்பார்.
3. முதல் பெட்டி உங்கள் பெயருக்கு, உங்கள் வீட்டு முகவரிக்கு வரும். ஓவியம் இருக்காது. செல்போன், லேப்டாப், கைக்கடிகாரம் மாதிரி ஏதாவது. லேபிளை மாற்றி ஒட்டி வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்வார்.
4. பெட்டி வராமல் பணமும் வரலாம். "ஓவியம் வாங்கியவர் உங்கள் கணக்கில் போட்டிருக்கிறார், உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ஓவியருக்கு அனுப்புங்கள்" என்பார். ஓவியர் என்று சொல்லப்படுபவர் ஒரு யு.பி.ஐ. முகவரியாகவோ கிரிப்டோ வாலட்டாகவோ இருப்பார்.
5. இன்னொரு வகையில் உங்கள் கைக்காசுதான் போகும். "பெட்டி சுங்கத்தில் நிற்கிறது, டூட்டியை நீங்கள் கட்டிவிடுங்கள், சம்பளத்தோடு தருகிறேன்."

மூன்றாவதில் வரும் பொருள் திருடிய கார்டில் வாங்கியதாக இருக்கும். நான்காவதில் வந்த பணம் வேறொருவரிடம் ஏமாற்றிப் பறித்தது. இரண்டிலும் மோசடிக்காரருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தனக்கும் குற்றத்துக்கும் நடுவில் ஓர் உண்மையான பெயர், உண்மையான கதவு எண். குரோம்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு பட்டதாரியின் பெயர் அதற்குப் போதும். மற்ற வேலை மோசடிகளைவிட இதை நான் கொடியதாக நினைப்பதற்குக் காரணமும் இதுதான். வேறு மோசடியில் பணம் போகும். இதில் பாதிக்கப்பட்டவரே குற்றவாளி என்ற இடத்தில் போய் நிற்கிறார்.

உண்மையான வேலையில் உதவியாளர் பெயர் எங்கும் வராது என்று பார்த்தோம். போலி வேலையில் அவர் பெயர் மட்டும்தான் வரும். ஏலம், ஓவியம், மிலன் என்று எவ்வளவு நம்பும்படி பேசினாலும் இந்த ஒரு இடத்தை மறைக்க அவர்களால் முடியாது.

பிறகு என்ன நடக்கும்

பணம் இழந்தவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் கொடுக்கிறார். பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனது என்று பார்த்து வங்கிகள் முடக்குகின்றன. முதலில் முடங்குவது உங்கள் கணக்கு. புகார் கொடுத்தவர் வேறு மாநிலத்தில் இருக்கலாம். அந்த ஊர் சைபர் போலீசுக்குத்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

"எனக்குத் தெரியாது" என்பது மட்டும் எப்போதும் போதாது. திருட்டுப் பொருளை வாங்கி வைப்பது பற்றிய சட்டப் பிரிவில் "தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ" என்று இருக்கிறது. முகம் தெரியாத ஒருவருக்காக வாரம் நாலு புது செல்போனை லேபிள் மாற்றி அனுப்பியவருக்குச் சந்தேகிக்கக் காரணம் இருந்ததா என்ற கேள்வி வரும். சுங்கச் சட்டத்திலும் இதே சாயலில் விதி உண்டு.

சேர்வதற்கு முன்

- பெட்டி யார் பெயரில் வரும்? அனுப்பும்போது யார் பெயர்? உங்கள் பெயர் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.
- படங்கள் எங்கே இருக்கின்றன, ஒரு தடவை வந்து பார்க்கலாமா? சேகரிப்பாளர் என்றால் சுவர் இருக்கும், சுவரில் படம் இருக்கும்.
- எந்தக் காலரியில் வாங்குகிறார்? அந்தக் காலரிக்கு நீங்களே போன் செய்து கேட்கலாம். சென்னைக் கலை உலகம் அவ்வளவு பெரியதில்லை.
- சுங்கத் தரகர் யார், காப்பீடு எந்த நிறுவனம்? நிஜ ஆளுக்கு இது நுனிநாக்கில் இருக்கும். போலி ஆள், "அதெல்லாம் பிறகு" என்பார்.
- வேறொருவர் பணம் உங்கள் கணக்கு வழியே போக வேண்டுமா? எந்தக் காரணம் சொன்னாலும் கூடாது.

ஏற்கெனவே பெட்டி வந்துவிட்டிருந்தால்

1. பெட்டியை மேற்கொண்டு யாருக்கும் அனுப்ப வேண்டாம். "என் ஆள் வந்து வாங்கிக்கொள்வார்" என்று சொன்னாலும் கொடுக்க வேண்டாம். லேபிளையும் பெட்டியின் ஆறு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.
2. பணம் வந்திருந்தால் தொடாதீர்கள். அனுப்பியவருக்கே திருப்புவதாகச் சொல்லி வேறு கணக்கு எண் தருவார், அதற்கும் போடாதீர்கள். வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள்.
3. 1930க்கு அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். போலீஸ் உங்களைத் தேடி வருவதற்கு முன் நீங்கள் போனதாகத் தேதியோடு ஒரு தாள் இருப்பது மிகப் பெரிய வித்தியாசம்.
4. ஆதார், பான் கொடுத்துவிட்டிருந்தால் ஆதாரின் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். உங்கள் பான் எண்ணில் யாராவது ஜி.எஸ்.டி. பதிவு எடுத்திருக்கிறார்களா என்று ஜி.எஸ்.டி. தளத்திலேயே தேடிப் பார்க்கலாம்.
5. வாட்ஸ்அப் உரையாடலையும் மின்னஞ்சல்களையும் அழிக்காதீர்கள். வீட்டில் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் முதலில் அதைத்தான் அழிக்கத் தோன்றும். முதல் செய்தி எந்த எண்ணிலிருந்து, எந்த நாளில், எத்தனை மணிக்கு வந்தது என்பது வரை இருக்கட்டும். நகல் எடுத்து வேறொரு போனிலும் வையுங்கள்.